ஐந்து பொட்டு

மூடுபனி என்று இரண்டு நாள் விமானம் இறங்கவில்லை.
மூன்றாம் நாள் உறை வந்தது.
உள்ளே பதினொரு அட்டைகள்,
ஒவ்வொன்றிலும் ஐந்து பொட்டு.
காய்ந்த ரத்தத்துக்குத் துருவின் நிறம்.
பிறந்து இரண்டே நாளான குதிகால்கள்
உலகத்துக்கு எழுதிய முதல் விண்ணப்பம்
என்று சொல்ல ஆசைதான்.
எனக்கு அவை மூன்று மில்லிமீட்டர் துளைகள்,
தொண்ணூற்றாறு குழியுள்ள தட்டு,
மெத்தனால் வாடை,
மதியத்துக்குள் முடிக்கவேண்டிய வரிசை.

கோபன்ஹேகனில் பதினாறு வருடமாக இதுதான் வேலை.
சொந்த ஊர் கேட்டால் ஃபரோ தீவுகள் என்பேன்.
கேட்டவர் வரைபடத்தில் தேடுவார்,
விரல் கடலிலேயே நின்றுவிடும்.

எட்டாம் அட்டை: கார்னிட்டைன் மூன்று.
பத்தாவது இருக்கவேண்டாமா?
மறுபடி துளையிட்டேன். மூன்று.
வேறு பொட்டில் துளையிட்டேன்.
இரண்டு புள்ளி எட்டு.

அது என்ன என்று என் மகன் ஒருமுறை கேட்டான்.
படகு என்றேன்.
கொழுப்பை ஏற்றிப்போய் செல்லின் உலையில்
இறக்கிவிட்டுத் திரும்பும் படகு.
படகு இல்லாவிட்டால்?
கரை நிறைய விறகு கிடக்கும்,
அடுப்பு அணைந்திருக்கும்.

சிலருக்கு அதை உள்ளே இழுக்கும் கதவு
பிறவியிலேயே சரியில்லை.
வந்ததெல்லாம் சிறுநீரில் ஒழுகிப்போகும்.
அவர்களும் ஓடியாடுவார்கள், வலை இழுப்பார்கள்,
உலர்ந்த ஆட்டிறைச்சியைக் கத்தியால் சீவித் தின்பார்கள்.
ஒரு காய்ச்சலில்,
சாப்பிடாமல் படுத்த ஒரு ராத்திரியில்
இதயம் சும்மா நின்றுவிடும்.
எங்கள் தீவுகளில் அது அதிகம்.
கொஞ்சம் பேர் வந்து குடியேறி
அவர்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த
நூற்றாண்டுகளின் பாக்கி.

தெற்குத் தீவின் பேறுகால நர்ஸ்
சுன்வாவைக் கூப்பிட்டேன்.
குழந்தை எப்படி?
குடிக்கிறாள், அழுகிறாள், தூங்குகிறாள்.
சர்க்கரை சரி, நிறம் சரி.
பெயர்தான் இன்னும் வைக்கவில்லை.
அவள் ரத்தம் இன்னொரு முறை வேண்டும்.
அப்புறம்,
தாயின் ரத்தமும்.

தாயுடையது எதற்கு?

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்றேன்.
கொடி வழியாக வந்ததைத்தான்
குழந்தை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறது.

சுன்வா பேசவில்லை.
அவளுக்குப் பின்னால் ஜன்னலைக் காற்று அடிப்பது கேட்டது.
ரன்வாவுக்கு நேற்றிலிருந்து நீர்க்கடுப்பு என்றாள்.
மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.
எந்த மாத்திரை?
அட்டைப்பெட்டியைப் பார்த்து எழுத்தெழுத்தாக வாசித்தாள்.
எல்லோருக்கும் கொடுப்பதுதான்,
நானே போட்டிருக்கிறேன்.
உடம்பை விட்டுப் போகும்போது அது
மிச்சமிருக்கும் படகுகளையும் கூட்டிக்கொண்டு போகும்.
எத்தனை போட்டாள்?
இரண்டு.

ஆய்வகத்தில் நான் குரல் உயர்த்தியதில்லை.
அன்று மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹெலிகாப்டர் போனது.
தாய்க்கு ஒன்றுக்கும் கீழே.
இதயத்தின் கோடு ஏற்கெனவே
தன் கையெழுத்தை மாற்றத் தொடங்கியிருந்தது.
குழந்தையின் கதவில் பழுதே இல்லை,
அம்மாவின் வறுமையைக்
காலடியில் சுமந்து வந்தாள், அவ்வளவுதான்.

அன்று மாலை உறைகிடங்குக்குப் போனேன்.
பழைய அட்டைகளை நாங்கள் எறிவதில்லை.
முப்பத்தோரு வருடத்துக்கு முந்தைய பெட்டி,
கையுறைக்குள்ளும் விரல் மரத்தது.
ரன்வாவுக்கும் ஒரு குதிகால் இருந்தது,
ஐந்து பொட்டு இருந்தது.
வேறு நோய்க்குப் பார்த்து,
இல்லை என்று முத்திரை குத்தி வைத்திருந்தார்கள்.
அந்தக் காலத்து இயந்திரத்துக்கு
இந்தக் கேள்வி தெரியாது.
பெட்டியை மூடும் முன்
பக்கத்து அட்டைகளை எண்ணினேன்,
பிறகு எண்ணுவதை நிறுத்தினேன்.
இன்னும் எந்தக் கேள்விக்கெல்லாம்
பதில்கள் இங்கே உறைந்திருக்கின்றனவோ.

போன வாரம் ரன்வா ஃபோன் செய்தாள்.
குழந்தைக்கு பிர்ணா என்று பெயர்.
தினம் மூன்று வேளை மருந்து குடிக்கிறாளாம்,
ஆயுசு முழுக்க என்று சொல்லிவிட்டார்கள்.
அதனால் வியர்வையெல்லாம் மீன் வாடையாம்.
என்ன செய்வது என்று கேட்டாள்.
நான் யோசிப்பதற்குள் அவளே சிரித்தாள்:
புருஷன் மீன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான்,
இந்த ஊரில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்.